ஆறுச்சாமி பிடித்து வைத்த இடம்

எங்கள் பேக்கரி வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் ஆட்களே இல்லை. இதை நான் ரகசியமாகச் சொல்லவில்லை, வாசலில் பலகையே வைத்திருக்கிறோம். "இவ்வரிசையில் நிழலுருவங்களும் இருக்கலாம்." அரசாங்கம் வைக்கச் சொன்னது, வைத்தோம். ஜனங்கள் அதை நிறுத்தி நிதானமாகப் படிப்பார்கள், அப்படியா என்று தலையை ஆட்டுவார்கள், பிறகு அதே வரிசையின் கடைசியில் போய் நின்றுகொள்வார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் விவரமானவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

நான் சௌடேஸ்வரி. நீலாம்பரி பேக்கரியில் வரிசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சாயங்காலம் தேங்காய் பன் சூடாக வெளியே வரும்போது வாசலில் கயிறு கட்டி, இடையில் புகுகிறவர்களை முறைத்து, கைக்குழந்தைக்காரிகளை முன்னால் அனுப்பி வைப்பேன். இந்த வேலைக்குப் பெரிய படிப்பு வேண்டாம், கொஞ்சம் கோபம் இருந்தால் போதும். அது என்னிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

நிழலுருவங்களைக் கொண்டுவந்தவன் நவநீதன். பெங்களூர்க் கம்பெனிக்காரன், ஊர் மதுரைப் பக்கம். கூரையில் வரிசையாகக் கேமரா வைத்த விளக்குகளை மாட்டினான். விளக்கைப் போட்டதும் கீழே ஆட்கள் நின்றார்கள். இருமினார்கள், கழுத்தைச் சொறிந்தார்கள், கால் மாற்றி நின்றார்கள். தொடப் போனால் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டார்கள். பேசத்தான் மாட்டார்கள்.

"இது எதுக்குங் தம்பி?" என்று எங்கள் முதலாளி ரங்கராஜ் கேட்டார். "நம்ம கடைக்குத்தான் நெசமாவே ஆளு வருதே."

"வருது அண்ணா, ஆனா சும்மா வந்து ஒரு பன் வாங்கிட்டுப் போயிருது. நின்னு வந்தவங்க அப்படிப் போக மாட்டாங்க. இவ்வளவு நேரம் நின்னுட்டு ஒண்ணே ஒண்ணோட போறதான்னு நாலு வாங்குவாங்க. கூடவே ரஸ்க்கும் வாங்குவாங்க."

ரங்கராஜ் யோசித்துப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தானுங் தோணும்."

"முன்னால நிக்கிறவங்க ஆசையக் கிளப்புவாங்க. பின்னால நிக்கிறவங்க போக விட மாட்டாங்க. நமக்குப் பின்னால பத்துப் பேர் நின்னா, புடிச்ச எடத்த விட்டுட்டுப் போக மனசு வருமா?"

"இவங்கெல்லாம் கவுண்டருக்கு வந்தா பன்னுக்கு எங்க தம்பி போறது?" என்று நான் கேட்டேன்.

கவுண்டருக்கு முன்னால் இருந்த தூணைக் காட்டினான். வரிசை அந்தத் தூணைச் சுற்றித்தான் திரும்பும். உருவங்கள் தூணுக்குப் பின்னால் போய்க் கரைந்துவிடுமாம். பின்னால் வருகிற நிஜ ஆள் திரும்பினால் நேரே பன் தட்டு. முன்னால் நின்றவர் எங்கே போனார் என்று அந்த நேரத்தில் யார் கவலைப்படப் போகிறார்கள்? அவன் சொன்னபடியே யாரும் கவலைப்படவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் அவன் கணக்குத் தப்பியது. நம் ஊரில் வரிசை என்றால் ஆள் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. ரேஷன் கடையானாலும் ஆஸ்பத்திரியானாலும் முன்னால் இருப்பவரிடம், "சித்தெ எடம் பாத்துக்கோங்க, வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வரலாம். பையை வைத்துவிட்டுப் போகலாம், செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போகலாம். சொல்லிவிட்டுப் போனால் அந்த இடம் அவருடையது. பெங்களூரில் உட்கார்ந்து இந்த உருவங்களைச் செய்தவர்களுக்கு இது தெரியவில்லை. ஒரு மனிதர் ஒரு நிழலிடம் இடத்தை ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை நகர்த்தி வைக்கப் போனார். திரும்பி வந்தால் வரிசை நகர்ந்து இடம் போயிருந்தது. "ஏய்யா, தலையாட்டக்கூடத் துப்பில்லாம நின்னியே, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று அந்த நிழலை அவர் திட்டிய திட்டில் பின்னால் நின்ற மற்ற நிழல்கள்கூட ஒதுங்கி வழிவிட்டன.

"இதுக்கும் சொல்லிக் குடுத்துரலாம் அக்கா" என்றான் நவநீதன். "யாராவது எடம் பாத்துக்கச் சொன்னா தலையாட்டும். பின்னால எடம் விட்டு நிக்கும். எவ்வளவு நேரம்னு வைக்கட்டும்?"

"எவ்வளவு நேரமா?" ரங்கராஜுக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. "ஆளு வர்ற வரைக்குந்தானுங். ஒத்துக்கிட்டப்பறம் நேரம் பாப்பாங்களா?"

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. அப்படியே எழுதிவிட்டான். சொல்லிவிட்டுப் போன முகம் திரும்பி வந்தால்தான் அந்த உருவம் நகரும்.

*

லோகநாயகியம்மா தனியாக வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அறுபதைத் தாண்டியவர், பக்கத்துத் தெரு. கால் இரண்டும் வீங்கியிருக்கும். முன்பெல்லாம் வீட்டுக்காரர் ஆறுச்சாமி வந்து நிற்பார், அந்த அம்மா பிறகு வந்து சேர்ந்துகொள்வார். ஆறுச்சாமி மோட்டார் பம்பு பவுண்டரியில் வேலை பார்த்தவர். கட்டம் போட்ட சட்டை, கக்கத்தில் மடித்து வைத்த மஞ்சள் பை. நிற்கும்போது ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொள்கிற பழக்கம் உண்டு. போன ஆடியில் நெஞ்சு வலி வந்து இறந்துபோனார்.

அந்த அம்மா முதல் நாள் தனியாக வந்து வரிசையில் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவருக்கு முன்னால் கட்டம் போட்ட சட்டை ஒன்று தெரிந்தது. கக்கத்தில் மஞ்சள் பை இருந்தது. அது ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்தது.

அம்மா அலறுவார், மயங்கி விழுவார் என்று ஓடினேன். அவர் அலறவில்லை. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்த முதுகையே பார்த்தபடி அடிமேல் அடி வைத்து நகர்ந்தார். தூண் வந்தது. அவர் தூணைச் சுற்றி வந்தபோது அங்கே பன் தட்டுத்தான் இருந்தது. வேண்டாததையெல்லாம் வாங்கினார், வெளியே வந்தார், பையோடு போய் மறுபடியும் வரிசையின் கடைசியில் நின்றார். கட்டம் போட்ட சட்டை மறுபடியும் முன்னால் வந்தது.

தினமும் இதே கதையானது. பை நிறையப் பன்னோடு அவர் திரும்பத் திரும்ப நின்றார். ஒரு நாள் வரிசையிலேயே சுருண்டு விழுந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அவர் மகன் பூபதி எனக்குப் போன் செய்து கெஞ்சினான். "அம்மாவ நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. இப்படியே நின்னா உயிருக்கு ஆபத்துங்க. எப்படியாச்சும் தடுத்துப் போடுங்க."

நவநீதனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன். "செத்த மனுசனக் கொண்டாந்து நிறுத்தியிருக்கியே, உனக்கு நெஞ்சுல ஈரம் இருக்கா?"

"நான் நிறுத்தல அக்கா, யாருமே நிறுத்தல. எந்த முகத்துக்குப் பின்னால யாரு ரொம்ப நேரம் நிக்கிறாங்கன்னு அதுவே பாத்துப் பழகிக்கும். பழைய கஸ்டமருங்க முகம், நடை எல்லாம் அதுகிட்ட இருக்கு. அந்த அம்மாவுக்கு அவர் முகந்தான் பொருந்துதுன்னு கண்டுபிடிச்சிருக்கு. அவ்வளவுதான்."

"அவரு ஒத்துக்கிட்டாரா?"

"தள்ளுபடி கார்டு வாங்கும்போது சம்மதம் குடுத்திருக்கார். செத்தா செல்லாதுன்னு எங்கயும் போடல" என்றான். சொல்லிவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். "அந்த முகத்தை மட்டும் தடுக்கலாம் அக்கா. நீங்க சொன்னா இப்பவே தடுத்துர்றேன். ஆனா ஒருக்கத் தடுத்தா திரும்ப வராது."

தடு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிச் செய்வது என்று இருந்தது. நேரே வரிசைக்குப் போனேன்.

"அம்மா, அது அவிய இல்லீங். லைட்டு."

"தெரியும் அம்மிணி. பலகையப் படிச்சுப்போட்டுத்தான் நிக்கறேன்."

"அப்பறம் எதுக்குங்க?"

அவர் கண்ணை முதுகிலிருந்து எடுக்காமலே பேசினார். "என்ற ஆயுசுல நான் வரிசையில நின்னதே இல்லெ. ரேசனுக்கு, சினிமாவுக்கு, பையன் பள்ளிக்கூடத்துல சேக்கறதுக்கு, எல்லாத்துக்கும் அவிய போயி நின்னுக்குவாங்க. நான் சோலியெல்லாம் முடிச்சுப்போட்டு ஆடி அசைஞ்சு வந்து சேந்துக்குவேன். பின்னால இருக்கறவங்க சத்தம் போடுவாங்க. 'எங்க ஊட்டம்மாவுக்குத்தானுங் நிக்கறேன்'னு அவிய சொல்லுவாங்க. இப்ப நான் பாத்துட்டே இருக்கறப்பவே தூணுக்கு அக்கட்ட போயி காணாமப் போயிர்றாங்க. அதுதான் அம்மிணி தாங்க முடியல. சாவுகூட ஒருக்காத்தான் வந்துச்சு."

எதையாவது சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது. குழந்தைக்குச் சாக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். "காலு வீங்கிக் கெடக்குது. அவியகிட்ட எடம் பாத்துக்கச் சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க. அவியதான் நிப்பாங்களே."

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு முன்னால் குனிந்து, "ஏனுங்க, சித்தெ எடம் பாத்துக்கோங்க. வந்தர்றேன்" என்றார்.

கட்டம் போட்ட சட்டை திரும்பியது. ஆறுச்சாமி தலையை ஆட்டினார். அந்த அம்மா கயிற்றைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். வரிசை நகர்ந்தது, ஆறுச்சாமி நகரவில்லை.

*

அடுத்த நாள் விளக்கைப் போட்டதும் முதலில் வந்தவர் ஆறுச்சாமிதான். அதே இடத்தில் நின்றார். பின்னால் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. யாராவது அதில் காலை வைத்தால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். வைத்தவர் காலை எடுத்துவிடுவார். மற்றவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நவநீதன் வந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தான். இடம் பார்க்க ஒத்துக்கொண்ட உருவத்தை இனி யாரும் தனியாக எடுக்க முடியாதாம். மொத்த விளக்கையும் கழற்றினால்தான் உண்டு.

லோகநாயகியம்மா எதிரில் இருக்கும் மருந்துக் கடைப் படியில் வந்து உட்கார்வார். ரோட்டைத் தாண்டி வரமாட்டார்.

"கிட்ட வந்தா அந்த லைட்டு என்ற மொகத்தப் பாத்துருமாம், அந்தத் தம்பி சொன்னான். பாத்துட்டா அவிய நகந்துருவாங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் வெகு நாள் கழித்துப் பார்த்தேன். "இப்பத்தான் அம்மிணி நெம்ப நல்லாத் தூங்கறேன். எனக்காவ ஒருத்தரு நின்னுட்டு இருக்காங்கன்னு நெனச்சா ஒடம்புல நோவே தெரியறதில்லெ."

கால் வீக்கம் வடிந்தது. பூபதி எனக்கு நன்றி சொன்னான். நானும் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக் கொஞ்ச நாள் தலை நிமிர்ந்து நடந்தேன்.

வரிசையை அடைத்துக்கொண்டு நிற்கிறாரே என்று முதலில் முணுமுணுத்த ரங்கராஜ் சீக்கிரமே வாயை மூடிக்கொண்டார். வியாபாரம் கூடியிருந்தது. நவநீதன்தான் காரணத்தைச் சொன்னான். "அந்தக் காலி எடத்தைத் தாண்டி வர்றவங்க எல்லாரும் ஒரு பன் கூட வாங்குறாங்க அக்கா."

"யாருக்கு?"

"அதான் தெரியல. சில பேரைக் கேட்டுப் பாத்தேன். யாரோ வரப்போற மாதிரி இருந்துச்சு, வாங்கிட்டேன்னு சொல்றாங்க. வீட்டுக்குப் போய் எல்லாரும் சாப்பிட்டப்பறம் ஒண்ணு மிஞ்சுதாம். அதை யாரும் எடுக்க மாட்டேங்கிறாங்களாம்."

என் வீட்டு அலமாரியிலும் ஒரு பன் இருந்தது. எனக்குப் பின்னால் யாரும் இல்லை, முன்னாலும் யாரும் இல்லை. நான் ஒண்டிக்கட்டை. அதை ஏன் வாங்கினேன் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை.

கார்த்திகை பிறந்ததும் ஒரு மதியம் மருந்துக் கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து என்னிடம் சொன்னார். லோகநாயகியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். நான் வரிசையைப் பார்த்தேன். ஆறுச்சாமி ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டு, பின்னால் இடம் விட்டு நின்றார். அவரிடம் போய் யார் சொல்வது? சொன்னால்தான் கேட்குமா? எனக்கு அன்று வேலையே ஓடவில்லை.

"திரும்பி வர முகமே இல்லையே" என்றேன் நவநீதனிடம். "இனி எப்படி நகர்வாரு?"

"நகர மாட்டார் அக்கா."

*

கருமாதிக்கு முந்தின நாள் பூபதி வந்தான். இடுப்பில் அவன் மகள், மூன்று வயது இருக்கும். அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் வளையல், அதைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மாவுக்குத் தேங்காய் பன்னுன்னா உசுருங்க. படையல்ல வெக்கோணும்" என்றான்.

"நீங்க நிக்க வேண்டாம் தம்பி, நான் எடுத்துட்டு வந்து தர்றேன்" என்று கையைப் பிடித்தேன். அதற்குள் அவன் அப்பாவைப் பார்த்துவிட்டான். கேள்விப்பட்டிருப்பான், கண்ணால் பார்ப்பது வேறுதானே. என் கையை விலக்கிவிட்டுப் போய், அந்தக் காலி இடத்துக்குப் பின்னால் நின்றான்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூரை விளக்கு ஒன்று லேசாக மினுங்கியது. காலி இடத்தில் முதலில் வீங்கிய இரண்டு பாதம் வந்தது, பிறகு பச்சைப் புடவை வந்தது, பிறகு லோகநாயகியம்மா முழுசாக நின்றார். இந்த மகனை ரொம்ப நேரம் நிற்க வைக்கிற முகம் எது என்று அது கண்டுபிடித்துவிட்டது. அதற்கு வேறொன்றும் தெரியாது.

ஆறுச்சாமி திரும்பினார். இத்தனை நாள் காத்திருந்த முகம் வந்திருந்தது. அவர் தலையை ஆட்டினார், முன்னால் திரும்பிக்கொண்டார், ஒரு அடி எடுத்து வைத்தார். அந்த அம்மா அவர் பின்னாலேயே போனார். இரண்டு நிழல்கள் நகர்ந்ததற்கு நான் நின்ற இடத்திலேயே அழுதேன். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற நவநீதனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். போகட்டும், இரண்டு பேரும் தூணைத் தாண்டிப் போகட்டும் என்று நினைத்தேன்.

தூணுக்கு அருகில் வந்தபோது பூபதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பாவின் சட்டை தூணுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. அவன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அடுத்தது அம்மா.

"அம்மா" என்று கூப்பிட்டான். "சித்தெ எடம் பாத்துக்கோங்க. எனக்கும் பாப்பாவுக்கும். வந்தர்றோம்."

அந்த அம்மா திரும்பி மகனைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அதற்குள் ஆறுச்சாமி தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

பூபதி பன் வாங்காமலே வெளியே வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. முகம் மட்டும் தெளிந்திருந்தது. அந்தக் குழந்தை அவன் தோளுக்கு மேலே பாட்டிக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனது.

இப்போது நவநீதன் எங்களோடு இல்லை, வேலையை விட்டுவிட்டான். அவன் கம்பெனி இடம் பார்க்கிற உருவங்களைத் தனியாகவே விற்கிறது. துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் வந்துவிட்டது. ஊரில் எந்த வரிசையைப் பார்த்தாலும் நடுவில் பல் விழுந்தாற்போல இடைவெளிகள் இருக்கின்றன. யாரும் அவற்றில் கால் வைப்பதில்லை. ஒன்று கூடுதலாக வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பூபதிக்கு நான் அடிக்கடி போன் செய்கிறேன். மொத்த விளக்கையும் கழற்றிவிடுங்கள் என்று ரங்கராஜிடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன், பண்டிகை முடியட்டும் என்கிறார். நம் ஊரில் பண்டிகை எப்போது முடிந்திருக்கிறது?

"தம்பி, ஒருக்கா வந்து நின்னுட்டுப் போயிருங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அம்மா நகந்து போயிரட்டும்."

"வர்றனுங்கக்கா" என்பான். "இப்பத்தான் தூக்கம் வருது. அம்மா அங்க நின்னுட்டிருக்காங்கன்னு நெனச்சா மனசுக்கு ஒரு தெம்புங்க. என்ன அவசரம்? எப்பிடியும் ஒரு நாளைக்கு வரத்தானே போறோம்."

அவன் அம்மாவும் இதே நிம்மதியோடுதான் பேசினார். "உசுரோட வாங்க தம்பி" என்று ஒரு நாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

லோகநாயகியம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். அவ்வப்போது திரும்பி வாசலைப் பார்க்கிறார். அவருக்குப் பின்னால் இடம் காலியாக இருக்கிறது. பெரியவர் ஒருவர் நிற்கிற இடம், அதை ஒட்டி ஒரு குழந்தை நிற்கிற இடம்.